மனையும் மனைப்பிரிவும்: வேப்பம்பட்டுப் பகுதியில் நிலமும் பூசலும்

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். மக்களும் மாவும் புள்ளும் மரனும் தொழிலும் தெய்வமும் நிலத்தின்மேல் தோன்றுவன. ஆதலின் அவற்றிற்கெல்லாம் நிலம் முற்பட்டது என்பது அவர் கருத்து. இன்றைய வழக்கிலோ நிலம் முதற்பொருள் என்னும் நிலையினின்று பெயர்ந்து விலைப்பொருள் என்னும் நிலையை எய்தியிருக்கின்றது. இம்மாற்றம் பொருளியலார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு சமுதாயம் நிலத்தை எவ்வாறு கருதுகின்றது என்பதை அது வழங்கும் சொற்கள் காட்டும். சொல்லாராய்ச்சி தமிழ் பயில்வார் கடமை. ஆகவே, சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு எனத் தொடரும் ஊர்களை எடுத்துக்கொண்டு, உலகமயமாதலும் நிலச்சந்தையும் ஊரிடத்தைப் பற்றிய பூசல்களை எவ்வாறு மாற்றியுள்ளன என்பதை, நிலம் பற்றிய சொற்களின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வூர்களின் வழியே செல்லும் மின்தொடர் வண்டியில் பல்லாண்டுகளாகச் சென்று வருபவர் இக்கட்டுரையாளர். சன்னலுக்கு வெளியே வயல் மனையானதைக் கண்ணாற் கண்டதே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

ஊர்ப்பெயர் காட்டும் நிலம்

ஊர்ப்பெயர்கள் பழைய நிலத்தின் சான்றுகள் என்பதைப் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலில் விரிவாக விளக்கினார். அந்நெறியில் நோக்கின், இப்பகுதியில் மூன்று ஊர்கள் ஒரே அமைப்பிற் பெயர் பெற்றிருத்தல் புலனாகும்: அத்திப்பட்டு, பருத்திப்பட்டு, வேப்பம்பட்டு. முதலாவது அம்பத்தூரைச் சார்ந்தது. இரண்டாவது ஆவடியைச் சார்ந்தது. மூன்றாவது திருவள்ளூரை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கு அடுத்த நிலையம். பட்டு என்பது சிற்றூரைக் குறிக்கும் ஈறு. பட்டி என்பதனோடு அதனை இயைப்பாரும் உளர், பற்று என்பதன் திரிபு என்பாரும் உளர். எவ்வாறாயினும் அத்தியும் பருத்தியும் வேம்பும் அடையாக நின்று, அந்நிலத்தில் எது வளர்ந்ததோ அதனால் ஊர் அறியப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. முல்லைக் கொடியால் பெயர்பெற்ற திருமுல்லைவாயிலும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

இனி, இவ்வூர்களைச் சுற்றி அண்மைக் காலத்தில் எழுந்த குடியிருப்புகளின் பெயர்களை நோக்குக. நகர், கார்டன், அவென்யூ, சிட்டி, என்கிளேவ் என அவை முடிகின்றன. முன்னொட்டாக வருவன பெரும்பாலும் மனை விற்றவர் பெயர், அவர் மக்கள் பெயர், தெய்வப் பெயர், அயல்நாட்டு ஊர்ப்பெயர் என்பனவே. பழைய பெயர் நிலத்தினின்று பிறந்தது. புதிய பெயர் விளம்பரத்தினின்று பிறந்தது. பழைய பெயரைக் கொண்டு அங்கே என்ன இருந்தது என்று உய்த்துணரலாம். புதிய பெயரைக் கொண்டு எவர் விற்றார் என்று மட்டுமே உய்த்துணரலாம்.

புறம்போக்கு என்னும் சொல்

பண்டைத் தமிழூரில் எல்லா நிலமும் வரிக்கு உட்பட்டதன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த கல்வெட்டுகளில், ஊரின் மொத்த நிலத்தைக் கூறி, அதனினின்று ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்திற்கே இறை விதிக்கப்பட்டதைக் காண்கிறோம். அக்கழிவுப் பட்டியலைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். அதில் அடங்கியவை பயனற்ற நிலங்கள் அல்ல. ஊரார் அனைவர்க்கும் இன்றியமையாத நிலங்கள். பொதுப்பயன் உடைமையாலேயே அவை இறையினின்று நீக்கப்பட்டன. அப்பட்டியலிலும் சேரி தனியே பிரித்துக் கூறப்படுதலை நாம் மறத்தல் ஆகாது. பொதுநிலம் இருந்தது என்பதனால் எல்லாரும் அதனைச் சமமாக ஆண்டனர் என்பது பெறப்படாது.

ஆங்கிலேயர் காலத்து இரயத்துவாரி முறையில் இந்நிலங்கள் புறம்போக்கு என்னும் தலைப்பின்கீழ் எழுதப்பட்டன. புறத்தே போக்கப்பட்டது, அஃதாவது வரிக்கணக்கின் புறத்தே நிறுத்தப்பட்டது, என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு எனக் கிராமக் கணக்குகள் அதனை வகைப்படுத்தும். நாளடைவில் இச்சொல் இழிபொருள் எய்தியது. பயனற்றவனை, ஒழுங்கற்றவனைப் புறம்போக்கு என்று வைவது பேச்சு வழக்காயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் குறித்து 2017 ஆம் ஆண்டு டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இச்சொல்லின் பழைய மதிப்பை மீட்க எடுத்த முயற்சியே எனலாம். ஒரு சொல் வசையாக மாறுவதற்கும், அச்சொல் குறித்த நிலம் கவர்ந்துகொள்ளப்படுவதற்கும் தொடர்பு உண்டு. எவர்க்கும் பயனில்லாதது என்று பெயர்பெற்ற பொருளை எவரும் எடுத்துக்கொள்ளலாம் அன்றோ?

மனை என்னும் சொல்

மனை என்பது சங்க இலக்கியங்களில் வாழும் இல்லத்தையும் இல்லறத்தையும் இல்லாளையும் சுட்டும். மனைவி, மனையோள், மனையறம் என்பன அதனடியாகப் பிறந்தன. வள்ளுவர் மனைமாட்சி என்பதை இல்லறத்தின் மங்கலமாகக் கூறினார். கல்வெட்டுகளில் அது வீடு அமைந்த இடத்தையும் குறிக்கும். ஆயினும் அங்கும் மனை என்பது குடியிருப்பதற்குரிய இடமே.

இன்று மனை என்றால் என்ன? நான்கு கற்கள் நடப்பட்ட வெற்றிடம். அதில் வீடும் இல்லை, விளைவும் இல்லை, பெரும்பாலும் வாழ்வாரும் இல்லை. மனைப்பிரிவு என்னும் புதிய தொடர் ஒரு வயலைச் சதுர அடிக் கணக்கில் துண்டாக்கும் செயலைக் குறிக்கும். குழி, மா, வேலி, காணி என்னும் பழைய அளவைகள் பயிரிடும் நிலத்தை அளக்கப் பிறந்தவை. ஏக்கரும் சென்டும் பின்னர் வந்தவை. சதுர அடியோ கட்டடத்தின் தரையை அளப்பது. வயலைச் சதுர அடியால் அளக்கத் தொடங்கிய நாளே அது மனத்தளவில் வயலாக இருப்பது ஒழிந்தது.

இம்மாற்றம் ஒரு நாளில் நேர்ந்ததன்று. 1856 ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்குச் சென்ற தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை இப்பகுதியின் ஊடே அமைந்தது. நாடு விடுதலை பெற்றபின் அரசும் தொழிலும் இங்கு வந்தன. 1955 சனவரியில் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தைக் காங்கிரசுப் பேரவை நிறைவேற்றியது ஆவடியிலேயே ஆகும். 1960களில் ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964 ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்தன. அக்காலத்தில் நிலம் வேலையைப் பின்தொடர்ந்தது. தொழிலாளர் தம் ஆலைக்கு அருகே வீட்டிடம் தேடினர். பூசலும் பெரும்பாலும் கூலியைப் பற்றியே எழுந்தது.

1991 ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் நிலைமை மாறியது. திருப்பெரும்புதூரைச் சுற்றி அயல்நாட்டு ஊர்தித் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் எழுந்தன. 2005 ஆம் ஆண்டு நகரமைப்பு, வீட்டுவசதிக் கட்டுமானங்களில் முழு அளவு அயல்நாட்டு நேரடி முதலீட்டிற்கு நடுவணரசு வழிவிட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த இடங்கள் சிலவற்றில் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் உயர்ந்தன. இப்பொழுது வேலை நிலத்தைத் தேடி வரவில்லை. முதல் நிலத்தைத் தேடி வந்தது. முதலீடு செய்வோர்க்கு நிலம் உறைவிடம் அன்று, சேமிப்பு. எனவேதான் வாழ்வாரின்றி வேலியிட்ட மனைகள் ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றன.

நிலவிலையின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். நெல்லின் விலை இவ்வாண்டு விளைவைச் சார்ந்தது. மனையின் விலையோ வருங்கால எதிர்பார்ப்பைச் சார்ந்தது. சாலை வரும், பாலம் வரும், நிலையம் வரும் என்னும் சொல்லே விலையை உயர்த்தும். அவ்வெதிர்பார்ப்பு விலைக்கும் உழவால் வரும் ஆண்டு வருவாய்க்கும் இடையே உள்ள இடைவெளி விரிய விரிய, உழவன் விற்கின்றான். இவ்விலையேற்றம் உடையவன் உழைப்பால் வருவதன்று. பொதுமக்கள் கூடி வாழ்தலாலும் பொதுப்பணத்தால் அமைந்த வசதிகளாலும் வருவது என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹென்றி ஜார்ஜ் 1879 ஆம் ஆண்டிலேயே 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலில் எடுத்துக்காட்டினார். பொது உழைப்பால் விளைந்த ஏற்றம் தனியார் கையைச் சேர்வதே இன்றைய ஊரிடப் பூசல்களின் வேர் எனலாம்.

பூசலின் மூன்று வடிவங்கள்

இப்பூசல்களை நீர் பற்றியன, இருப்பிடம் பற்றியன, வழி பற்றியன என மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, நீர் பற்றிய பூசல். தொண்டை நாடு ஏரிகளின் நாடு. ஒன்றன் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்ததற்குச் செல்லும் வகையில் அவை தொடராக அமைந்தவை. வயல்கள் மனைகளான பின் ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்குக் காவலரும் இல்லை. வரத்துக்கால் தூர்ந்தது, நீர்பிடிப்பிடம் மனையாயிற்று. ஏரியை ஊராக்கும் செயலை அரசே தொடங்கிவைத்தது என்பதும் கருதத்தக்கது. 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியின் இடத்தில் தியாகராய நகர் எழுந்தது; பின்னாளில் முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் அமைத்த குடியிருப்பின் பெயரே ஏரித் திட்டம். ஏரி மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. 2005 ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஆம் ஆண்டு ஏரிகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2011 ஆம் ஆண்டு ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப்பொது நிலங்களைக் காக்குமாறு உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. இவை வேண்டப்படுவனவே. ஆயினும், சட்டம் முதலிற் சென்று தட்டும் கதவு குடிசைக் கதவாகவும், இறுதியிற் சென்று தட்டும் கதவு மாளிகைக் கதவாகவும் இருப்பின், நீரைக் காக்கும் அறம் வறியவரை நீக்கும் கருவியாகிவிடும்.

இரண்டாவது, இருப்பிடம் பற்றிய பூசல். 1971 ஆம் ஆண்டின் குடிசைப்பகுதிச் சட்டம் மேம்பாடு என்பதை முன்னும் அகற்றுதல் என்பதைப் பின்னும் வைத்துப் பெயரிடப்பட்டது. குடிசை மாற்று வாரியத்தின் தொடக்கக் கட்டடங்கள் பல, குடிசைகள் இருந்த இடத்திலேயே எழுந்தன. ஆனால் 2000 ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணகி நகர், பின்னர்ச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் விளிம்பிலேயே பெருங்குடியிருப்புகள் அமைந்தன. 2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் கூவக்கரையினின்று அகற்றப்பட்டோர் பெரும்பாக்கத்திற்கும், மேற்கே கூடப்பாக்கம் முதலிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் வேலை நகரின் நடுவே நின்றது. வீட்டு வேலை, சுமைப் பணி, தெருவோர வாணிகம் ஆகியன இடத்தோடு பிணைந்த தொழில்கள். இடம் மாறின் தொழிலும் போம். பம்பாய் நடைபாதை வாழ்நர் வழக்கில், வாழ்க்கை உரிமை என்பது பிழைப்பு உரிமையையும் உள்ளடக்கும் என 1985 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது இவ்வுண்மையை நோக்கியே ஆகும். இவ்வாறு வறியவர் நகரினின்று மேற்கே தள்ளப்படும் அதே காலத்தில், நடுத்தரக் குடும்பத்தினர் நகரில் வீடு வாங்க இயலாமையால் அதே மேற்குத் திசைக்கு மனை தேடி வந்தனர். ஒருசாரார் ஆணையால் வந்தனர். மற்றொருசாரார் விலையால் வந்தனர். இருசாராரையும் செலுத்தியது நகரத்து நிலவிலை ஒன்றே.

நடுத்தரக் குடும்பத்தார் வாங்கியதும் அச்சமற்ற உடைமை அன்று. ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்தல் கூடாது என 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வாழ்நாட் சேமிப்பை நான்கு கற்களில் முதலிட்டவர் பலர் அன்று செய்வதறியாது நின்றனர். 2017 ஆம் ஆண்டு அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20 ஆம் நாளுக்கு முற்பட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த வழிசெய்தது. விற்றவர் ஆதாயம் பெற்று அகன்றனர். கட்டணம் செலுத்தியவர் பெரும்பாலும் வாங்கியவரே.

மூன்றாவது, வழி பற்றிய பூசல். இதற்கு வேப்பம்பட்டே சான்று. இருப்புப்பாதையின் இருபுறமும் குடியிருப்புகள் பெருகின. ஆனால் ஒரு புறத்தினின்று மறுபுறம் செல்லும் வழி பெருகவில்லை. மேம்பாலம் ஒன்று தொடங்கப்பெற்றுப் பத்தாண்டுக்கு மேலாக முற்றுப்பெறாது நின்றது. நிலம் எடுப்பதில் நேர்ந்த தாமதம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2023 நவம்பரில் நிலையத்தருகே தண்டவாளத்தைக் கடந்த ஒரே குடும்பத்தினர் மூவர் தொடர்வண்டி மோதி உயிரிழந்தனர். ஊரார் வெகுண்டெழுந்து பாலம் எங்கே என்று வினவினர்.

இத்துயரில் நிலச்சந்தையின் முரண் முழுதும் அடங்கியுள்ளது. பாலம் வரும் என்னும் எதிர்பார்ப்பு சுற்றியுள்ள நிலத்தின் விலையை உயர்த்தும். உயர்ந்த விலை பாலத்திற்கு வேண்டிய நிலத்தைப் பெறுதலை அரிதாக்கும். பாலம் வராவிடினும் மனைகள் விற்கப்படும். ஏனெனின் விற்பவர் காட்டுவது பாலத்தை அன்று, பாலம் பற்றிய நம்பிக்கையை. இங்ஙனம், பொது வசதி ஒன்று பிறக்கும் முன்னரே அதன் பயன் விலையாக நுகரப்பட்டுவிடுகின்றது. வசதியின்மையின் இழப்போ நடந்து செல்லும் மக்கள்மேல் விழுகின்றது.

இதன் பெருவடிவத்தைப் பரந்தூரிற் காணலாம். சென்னைக்குரிய இரண்டாம் வானூர்தி நிலையம் அங்கு அமையும் என 2022 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் தம் வயலும் ஏரியும் இழக்கப்படும் என்று எதிர்த்தனர். உலகத்தோடு நகரை இணைக்கும் வாயில் எனத் திட்டம் பேசப்படும்பொழுது, ஊரார் பேசுவது நஞ்செயையும் நீர்நிலையையும் பற்றியே. இருவரும் ஒரே நிலத்தைச் சுட்டினும் இருவர் சொற்களும் வேறு.

பிறநாட்டு நிலையும் பண்டைப் புகாரும்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளில் செல்வர் குடியேற, பழங்குடியினர் வெளியேறியதை ரூத் கிளாஸ் என்னும் அறிஞர் 1964 ஆம் ஆண்டு தனிப்பெயரிட்டு ஆராய்ந்தார். நகரத்தின்மேல் அதில் வாழ்வார்க்கெல்லாம் உரிமை உண்டு என்னும் கோட்பாட்டைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி லெஃபெவ்ர் 1968 ஆம் ஆண்டு முன்வைத்தார். 2013 ஆம் ஆண்டு இசுதான்புல் நகரில் கெசிப் பூங்காவை அழித்துக் கட்டடம் எழுப்ப முயன்றபொழுது மக்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். பூங்கா சிறிது; ஆனால் நகரம் எவர்க்கு உரியது என்னும் வினா பெரிது.

உலக வாணிகம் நகரிடத்தை மாற்றுதல் தமிழர்க்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாக இருந்தது. யவனரும் பிற அயல்நாட்டு வணிகரும் கைவினைஞரும் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தனர். அரசரும் பெருங்குடி வணிகரும் பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தனர். அங்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆயினும் அவ்விரு பாக்கங்களுக்கும் இடையே, மரங்கள் செறிந்த சோலையில், இருசாராரும் கூடும் நாளங்காடி இருந்தது. இடைவெளி பொதுவெளியாக இருந்தது. இன்றைய மனைப்பிரிவுகளுக்கு இடையே உள்ளது மதிற்சுவர். பெரிய மனைப்பிரிவுகளில் பத்திலொரு பங்கு பொதுவெளியாக ஒதுக்கப்படல் வேண்டும் என விதி உண்டு. அவ்வெளியும் வேலியிட்டு அடைக்கப்படுதலும் மனையாக மாறுதலும் வழக்குகளுக்கு இடமாயின.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று. ஒன்று, ஊரிடப் பூசலின் மையம் கூலியினின்று இருப்பிடத்திற்கும், ஆலை வாயிலினின்று ஏரிக்கரைக்கும் கடவுப்பாதைக்கும் பெயர்ந்துள்ளது. இரண்டு, இப்பூசலில் நிற்போர் ஏழையும் செல்வரும் என இரு கட்சியினர் மட்டும் அல்லர். ஆணையால் வந்தவரும் விலையால் வந்தவரும் நிலம் விற்ற உழவரும் ஒருவரையொருவர் குறைகூறி நிற்கின்றனர். அவர்களைச் செலுத்திய விலையை எவரும் எதிர்ப்படுவதில்லை. மூன்று, புறம்போக்கு தாழ்ந்ததும் மனை வெறுமையானதும் இம்மாற்றத்தின் விளைவுகள் மட்டும் அல்ல. அதற்குத் துணைநின்ற காரணங்களும் ஆம்.

ஆதலின், தமிழ் பயில்வார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒவ்வோர் ஊரிலும் வயல்களுக்கும் மடைகளுக்கும் கலங்கல்களுக்கும் கால்வாய்களுக்கும் தனிப்பெயர்கள் இருந்தன. முதியோர் சிலர் நாவில் அவை இன்றும் உள்ளன; கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் புல எண்ணோடு சில எழுதப்பட்டுள்ளன. கல்வெட்டுச் சொற்களைத் தொகுத்த அதே கவனத்துடன் முதுகலை மாணவர் இப்பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். குறிப்பிட்ட இடத்திற்கு ஊரார் வழங்கிய பெயர் கலங்கல் என்று காட்ட முடிந்தால், அது மனை அன்று என்று வழக்காடுதற்கு ஒரு சான்று கிடைக்கும். சொல்லாராய்ச்சி இங்ஙனம் நீருக்கும் வழிக்கும் காவலாதல் கூடும்.

வேப்பம்பட்டுக்கு அண்மையிலுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், பொருள் இன்மையால் மனத்துள்ளேயே கோயில் எடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்கு நாள் குறித்தபொழுது, இறைவன் பூசலார் கோயிலுக்கே முதலிற் செல்வதாகக் கனவில் உணர்த்தினான். அரசன் நின்றவூருக்கு வந்து அவரை வணங்கினான். அவ்வூரைச் சுற்றி இன்றும் மனத்துள் மட்டுமே வீடு கட்டி வாழ்வார் பலர் உளர். அவர்தம் மனைக்கு நிலத்தில் இடம் அமைதல் எவ்வாறு என்பதே இப்பூசல்கள் அனைத்தின் அடியில் நிற்கும் வினா.